தோழியின் இடத்தில் இறைவன்: ஜனாபாய் பாடல்களும் வள்ளைப்பாட்டு மரபும்

1. முன்னுரை

இறைவனை வாழ்வின் மையமாகக் கொள்ளும் பக்திநிலை, தமிழாய்வில் பெரும்பாலும் நாயகன்–நாயகி பாவம் என்னும் சட்டகத்திற்குள்ளேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. அகப்பாடலில் தலைவன் நின்ற இடத்தில் இறைவனை நிறுத்துவதே பக்திக் காதல் என்பது இச்சட்டகத்தின் சாரம். அன்றாட உழைப்பைக் களமாகக் கொண்ட பாடல்களுக்கு இது பொருந்துமா என்னும் வினாவை மராத்திய வார்க்கரி மரபைச் சார்ந்த ஜனாபாயின் அபங்கங்கள் எழுப்புகின்றன. வள்ளைப்பாட்டு மரபோடு அவற்றை ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. திரிகையும் பாடலும்

புணே நகரை அடுத்த ஆளந்தியும் தேகுவும் முறையே ஞானதேவர், துக்காராம் ஆகியோரின் ஊர்கள். ஆண்டுதோறும் இவ்விரு ஊர்களின் பல்லக்குகளும் புணே வழியாகப் பண்டரிபுரம் செல்கின்றன. ஞானதேவர் 1290இல் கீதைக்கு உரை செய்யக் கையாண்ட ஓவி யாப்பு, பெண்கள் திரிகையில் மாவரைக்கையில் பாடும் பாடலின் பெயரையே தாங்கியுள்ளது. புணேயைச் சார்ந்து ஆய்வு செய்த ஹேமா ராயிர்க்கர், கை பொய்த்வான் ஆகிய இருவரும் மகாராட்டிரச் சிற்றூர்களில் இத்தகைய பாடல்கள் ஓர் இலட்சத்திற்கு மேல் தொகுத்தனர். விட்டலனும் இராமனும் மட்டுமன்றி உடன்பிறந்தானும் மாமியாரும் அம்பேத்கரும் அவற்றில் இடம்பெறுகின்றனர்.

ஜனாபாய், நாமதேவர் இல்லத்துப் பணிப்பெண். அவர் பெயரில் வழங்கும் பாடல்களில் விட்டலன் அவரோடு மாவரைக்கிறான், சாணம் பொறுக்குகிறான், தலைவாரி விடுகிறான். உழைப்பு இறைமை பெறுகிறது என்று இதற்கு விளக்கம் கூறுவது எளிது. ஆயின் திரிகையின் இயல்பு வேறொன்றை உணர்த்துகிறது. மாவு மிகுதியாயின் இரு பெண்கள் எதிரெதிர் அமர்ந்து ஒரே பிடியைப் பற்றிச் சுழற்றுவது வழக்கம். ஜனாபாயின் எதிரே அமர ஒருவரும் இல்லை. அவ்வெற்றிடத்திலேயே விட்டலன் அமர்கிறான்.

3. வள்ளையில் இருவர்

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் அமைந்த வள்ளைப்பாட்டுகளில் தலைவியும் தோழியும் உலக்கை மாற்றி இடித்துப் பாடுகின்றனர். ஒருத்தி தலைவனைப் பழிக்க, மற்றவள் புகழ்கிறாள். அவனோ மறைந்து நின்று கேட்கிறான். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் இவ்வடிவத்தைப் பக்திக்கு உரியதாக்கியது. அங்கே இடிப்போர் மகளிர் கூட்டம். இறைவன் அவ்வுழைப்பின் பயனை ஏற்பவன். ‘நாம்’ என்னும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை மகளிரை ஒன்றிணைக்கிறது. இறைவன் அதனுள் அடங்கான். துணைக்கைகள் பல இருத்தலின் அவன் உலக்கை பிடிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. தலைவனின் இடமே அவனுக்கு உரியதாகிறது.

ஜனாபாயிடம் இறைவன் பெறுவது தோழியின் இடம். விளிகளும் இதனை உறுதிசெய்கின்றன. விட்டலனை அவர் ஒருமையில் அழைக்கிறார். பெயரைச் சுருக்கி வைகிறார். ‘விட்டாபாய்’ எனப் பெண்ணாகவும் விளிக்கிறார். மராத்தியக் குடும்பங்களில் ஒருமை விளி தாய்க்கும் தோழிக்கும் இயல்பானது. ஆகவே இவ்விளியைக் காதலனின் அணுக்கத்திற்குச் சான்றாகக் கொள்வதினும், வீட்டுப் பெண்களின் நெருக்கத்திற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தமுடையது.

4. மதிப்பீடு

இவ்வாறு நோக்கின், இறைவன் வந்தான் என்னும் மகிழ்ச்சிக்குள் மனிதர் எவரும் வரவில்லை என்னும் குறை ஒலிப்பது புலனாகும். பக்தி தன் எல்லைகளைக் கடக்காத இடங்களும் உண்டு. பல்லக்கு யாத்திரையில் நடந்த மானிடவியலறிஞர் இராவதி கார்வே, ஒன்றாகப் பாடி நடந்தோர் சாதிவாரியாகப் பிரிந்து உண்டதை 1962இல் வெளிவந்த கட்டுரையில் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். விட்டலன் திரிகையைத் தொட்டதால் பணிப்பெண்ணின் வேலை குறைந்ததாகக் கொள்ள இடமில்லை. அதே வேளையில் அப்பாடலை வெறும் ஆறுதலென ஒதுக்குவதும் தவறாகும். தனக்கு ஒரு துணைக்கை உரியது என்பதை அது வெளிப்படையாகவே கேட்கிறது.

5. முடிவுரை

பக்திப் பாடல்களில் இறைவன் ஏற்கும் இடத்தைத் தலைவன் என முன்னரே முடிவு செய்தல் கூடாது. களத்தில் எந்த இடம் வெறுமையாக உள்ளதோ அதனைக் கண்டறிதல் முதற்பணியாகும். உழைப்பைக் களமாகக் கொண்ட திருவாசகப் பகுதிகளையும் வாய்மொழிப் பாடல்களையும் இந்நோக்கில் மீண்டும் ஆராய்தல் பயன்தரும்.