ரப்பர் விதை முதல் மரபணுத் தரவு வரை

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் எழுந்தது. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். இந்நாட்டு ரப்பருக்கு மூலம், 1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ஏறக்குறைய 70,000 விதைகள். பாலின் பயனை முதலில் கண்ட அமேசான் பழங்குடிகளுக்கு ஒரு காசும் போகவில்லை. தஞ்சோங் கிளிங் முதல் ஜாசின் வரை அந்தப் பால்மரத்தை வெட்டிப் பிழைத்த நம் பாட்டன்மாருக்குக் கூலிதான் மிஞ்சியது.

விதை போகக் கப்பல் தேவைப்பட்டது. மரபணுத் தரவுக்கு அதுவும் வேண்டாம். 2013இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு ரப்பர் மரத்தின் மரபணு வரைவை வெளியிட்டது. அமேசானின் பங்கு என்ன என்று இங்கே யாரும் கேட்டதாக நினைவில்லை. பறிகொடுத்தவர்கள் என்றே நம்மை எண்ணிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு 2024 நவம்பரில் கொலம்பியாவின் காலி நகரில் உலக நாடுகள் ஒரு வழி கண்டன. தரவைப் பயன்படுத்தும் பெரிய மருந்து, அழகுப்பொருள், விதை நிறுவனங்கள் லாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு 'காலி நிதி' என்ற பொது நிதியில் போட வேண்டும்; அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். யோசனை நல்லதே. ஆயிரம் உயிரிகளின் தரவை ஒப்பிட்டு ஒரு மருந்தை உருவாக்கும்போது எந்தத் துணுக்கு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தேடுவது வீண்வேலை. தரவுத்தளமும் திறந்தே இருக்கும். ஏழை நாட்டு ஆய்வாளரும் பயன்பெறுவார். ஆனால் பணம் கட்டுவது நிறுவனத்தின் விருப்பம். கட்டாதவரை இழுத்துக் கேட்க ஆளில்லை.

பழைய முறை, நேரடி ஒப்பந்தம். அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி அதன் உரிமத்துக்கு 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 விழுக்காடும் தர ஒப்புக்கொண்டது. அதில் பாதி காணிகளுக்கு என்றானது. 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. தொகை சிறிது. உரிமம் ஏழாண்டுக்குத்தான். இருந்தாலும் யார் அறிவு, யாருக்குப் பங்கு என்பதில் மயக்கமில்லை. 2019இல் அதே செடியின் மரபணு வரைவு ஆய்விதழில் வெளியானது. இனி அதை ஆராய விரும்புகிறவர் மலையேற வேண்டாம், காணிகளைப் பார்க்கவும் வேண்டாம். காலி நிதி பணத்துக்கு வழி சொல்கிறது. இந்த விடுபட்ட சந்திப்பை அது ஈடுசெய்யவில்லை.

மலேசியாவின் 2017ஆம் ஆண்டு உயிரியல் வளச் சட்டம் (சட்டம் 795) 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வளம் பற்றிய தகவலையும் அது வளம் என்றே கணக்கிடுகிறது. பல நாடுகள் தயங்கிய இடம் அது. ஆனால் வளத்துக்குப் பூர்வகுடியின் முன்னொப்புதல் வேண்டுமென்றால், அது கிடைக்கும் நிலத்தில் அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். அலோர் காஜா, ஜாசின் பக்கம் வாழும் தெமுவான் என்ற ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களின் உறவினரால், சிலாங்கூரில் நிலம் பறிபோனபோது, சகோங் தாசி வழக்கில் 2002இல் நீதிமன்றத்தில்தான் அந்த உரிமையை நிலைநாட்ட முடிந்தது. செடிக்கு ஒப்புதல் சொல்லும் முன் நிலத்துக்கு வழக்காட வேண்டும் என்றால், சட்டத்தின் பாதி பலன் அங்கேயே போய்விடுகிறது.

இன்னொன்று: தெமுவான் மக்களின் மரபணுத் தரவே 2009இல் ஆசிய அளவிலான ஓர் ஆய்வில் இடம்பெற்றது. மனித மரபணுவோ காலியில் கண்ட உலக உடன்பாட்டுக்குள் வராது. தம் காட்டுச் செடிக்குப் பங்கு கேட்க அவர்களுக்கு ஒரு வழியாவது உண்டு. தம் மரபணுவுக்கு அங்கே அதுவும் இல்லை.

காலி நிதியைத் தள்ளிவிடத் தேவையில்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும். சட்டம் 795இன் வரையறையைக் கொண்டு, இங்கே தொழில் நடத்தும் பெரிய நிறுவனங்களிடம் அந்த விழுக்காட்டை அரசு வசூலிக்கட்டும். வரும் பணத்தைப் பங்கிடும் மேசையில் அதிகாரிகள் நியமித்தவர்கள் அல்ல, கிராமங்கள் தாமே தேர்ந்தெடுத்த ஓராங் அஸ்லி பேராளர்கள் உட்காரட்டும்.