‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் நோயுற்றவனின் நகைப்பு

1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வெளிவந்த ‘இரத்தக்கண்ணீர்’ படத்தைக் குறித்து எழுதுவோர் எம்.ஆர். இராதாவின் நடிப்பைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகமே படமாயிற்று. பகுத்தறிவு இயக்கத்தின் படைப்பு எனப் பெயர்பெற்ற இதில், தொழுநோயாளி எவ்வாறு காட்டப்பெறுகிறான் என்னும் வினா ஆராயற்பாலது.

அயல்நாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் தாயையும் மனைவி சந்திராவையும் இகழ்ந்து, காந்தா என்னும் கணிகையின் வயப்பட்டுப் பொருளிழக்கிறான். தொழுநோய் பற்றவே துரத்தப்படுகிறான். ஒழுக்கக்கேட்டின் கூலி இந்நோய் என்பதே கதையின் கணக்கு. இந்நோய்க்கு ஒரு கிருமியே காரணமென்று 1873இலேயே ஹான்சன் கண்டறிந்தார். அது காமத்தால் வருவதுமன்று. தலைவிதியையும் முன்வினையையும் எள்ளிய இயக்கத்தாரின் படம், நோயின் வாயிலாக வினைக்கொள்கையைப் புறவாசல் வழியே உள்ளே விட்டுவிட்டது. காந்தாவுக்கோ தன் கதையைச் சொல்ல ஓரிடமும் இல்லை.

எனினும் இப்படத்தை இவ்வளவில் தள்ளிவிட இயலாது. பிச்சையெடுத்துத் திரியும் நோயாளி இரக்கத்திற்குரிய ஊமையாக நிறுத்தப்படவில்லை. கரகரத்த குரலில் அவன் பிறரை நையாண்டி செய்கிறான். அரங்கம் சிரிப்பது அவனைப் பார்த்தன்று, அவனோடு சேர்ந்தே. தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணமுடித்து வைப்பவனும் அவனே. நம் மிஷன் அறிக்கைகளில் நன்றி நவில்வதற்கு மட்டுமே வாய்திறந்த நோயாளிகளை எண்ணுங்கால், இராதாவின் மோகன் எத்துணை விடுதலை பெற்றவன்!

அழகிழந்த உடலுக்கு மொழி தருவது தமிழுக்குப் புதிதன்று. திருவாலங்காட்டில் பாடிய காரைக்கால் அம்மையார் தம் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். சுடுகாட்டுப் பேய்களின் கூத்தை அச்சமும் நகையும் கலக்கப் பாடினார். அங்கே உருக்குலைவு தண்டனையன்று. அவரே தெரிந்துகொண்ட நிலை. மோகனோ தன் சிலையை எச்சரிக்கையாக நிறுவுமாறு கேட்கிறான். அவன் உடல் பிறர்க்குப் பாடமாகவே எஞ்சுகிறது.

இதற்காகப் படத்தைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்குண்டா? பாவத்திற்குக் குஷ்டத்தை உவமையாக்கும் பிரசங்கம் நம் பீடங்களில் இன்னும் ஓயவில்லை. லேவியராகமம் கூறும் தோல்நோய் ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுவது. அது இன்றைய தொழுநோயே என்று துணியச் சான்றில்லை. 1955இல் கரிகிரியில் மருத்துவமனை எழுப்பிய திருச்சபையின் கைகள் ஒன்று செய்ய, நாவு வேறொன்று பேசிற்று. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் கொண்ட சட்டவிதிகளை நாடாளுமன்றம் நீக்கியதே 2019இல்தான்.

2 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தை இப்படத்தோடு சேர்த்துப் படிக்கலாம். அதுவும் இருண்ட நகைச்சுவையே. பஞ்சத்தால் கழுதைத் தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்கும் சமாரியாவின் வாசலில் நான்கு குஷ்டரோகிகள், எங்கிருந்தாலும் சாவுதானே என்று வழக்காடி, பகைவர் பாளயத்துக்கே போகிறார்கள். வெறுமையாய்க் கிடந்த கூடாரத்தில் வயிறார உண்கிறார்கள். அவர்கள் செய்த பாவம் யாதென்று அவ்வதிகாரம் வினவவேயில்லை. நற்செய்தியை நகருக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அரசனோ அதனை நம்பாமல், குதிரைகளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னான்.