விம்பமும் மூலமும்
திண்மநிலைச் சேமிப்பகத் தடயவியல் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஒரு சான்றின் பெறுமதி, அதன் மூலத்தோடு அது கொண்டுள்ள உறவிலேயே தங்கியுள்ளது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த மரபிலே பயின்றோருக்கு இக்கூற்றுப் புதிதன்று. 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலாகப் பதிப்பாசிரியர் பலரும் எதிர்கொண்ட வினா, கையிலுள்ள படி மூலத்தை எவ்வளவுக்குக் காட்டுகின்றது என்பதேயாகும். முற்றிலும் வேறானதொரு துறையில், அதே வினா இன்று கணனித் தடயவியலாளர் முன் நிற்கின்றது.

கைப்பற்றப்பட்ட கணனியைத் தடயவியலாளர் நேரே ஆராய்வதில்லை. அதன் சேமிப்பகத்திலுள்ள தரவு முழுவதையும் முதலிலிருந்து இறுதிவரை வரிசையாக வாசித்துப் பிறிதோரிடத்திற் படியெடுப்பர். இப்படியே 'விம்பம்' எனப்படும். விம்பத்தின் முழுத் தரவிலிருந்தும் ஹாஷ் பெறுமானம் என்னும் ஓர் எண் கணிக்கப்படும். பின்னர் ஓர் எழுத்து மாறினும் அப்பெறுமானம் வேறாகும். இம்முறையால் எடுக்கப்பட்ட விம்பத்தை 'மூலத்தின் முழுமையான படி' என்று கூறுவது வழக்காகிவிட்டது. மடிக்கணனிகளிலுள்ள திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கும், அவை பலவாகப் பிணைக்கப்பட்ட ரெயிட் வரிசைகளுக்கும் இத்தொடர் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கிலுள்ள கோட்பாடு காந்த வன்தட்டின் இயல்பிலிருந்து பிறந்தது. வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர் பட்டியலிலிருந்து நீங்குமேயன்றி, உள்ளடக்கம் வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை கிடந்தவாறே கிடக்கும். கணனியிலிருந்து வரும் எழுதும் ஆணைகளைத் தடுக்கும் 'எழுதல் தடுப்பி' என்னும் கருவியை இடையே பொருத்திவிட்டால் மூலம் மாறாது. இங்கிலாந்து, வேல்சு, வட அயர்லாந்துப் பொலிஸ் தலைமை அதிகாரிகள் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியின் ஐந்தாம் பதிப்பு, நீதிமன்றில் ஆதாரமாகக் கொள்ளப்படக்கூடிய தரவை மாற்றும் எச்செயலும் செய்யப்படலாகாது என்பதை முதற் கொள்கையாக வகுத்தது. செய்தவை யாவும் பதிவு செய்யப்படல் வேண்டும், சுயாதீனமான மூன்றாமவர் ஒருவர் அவற்றை மீளச் செய்து அதே முடிவை எய்தக் கூடியதாயிருத்தல் வேண்டும் என்பது அதன் மூன்றாங் கொள்கை. ஓய்ந்து கிடக்கும் மூலம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையே இவ்விரு கொள்கைகளுக்கும் அடிப்படை எனலாம்.

திண்மநிலைச் சேமிப்பகம் அவ்வாறு ஓய்ந்து கிடப்பதில்லை. அதன் நினைவகச் சில்லுகளிலே தரவு 'பக்கம்' என்னும் சிறு அலகுகளில் எழுதப்படுகின்றது. ஆனால் பல பக்கங்கள் சேர்ந்த 'தொகுதி' முழுவதாக அன்றித் தனிப்பக்கம் துடைக்கப்படுவதில்லை. எழுதிய பக்கத்தின்மேல் நேரே திரும்ப எழுதவும் இயலாது. ஆகவே உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, புதிய தரவை வேறோரிடத்தில் எழுதி, கணனி அறிந்த முகவரிக்கும் சில்லிலுள்ள உண்மையான இடத்துக்குமிடையே ஓர் அட்டவணையைப் பேணுகின்றது. வேண்டாதனவாகிவிட்ட பக்கங்களை ஓய்வு நேரத்தில் அதுவே துடைத்துவைக்கின்றது. எப்பகுதிகள் வேண்டாதன என்பதை இயக்கமுறைமை அறிவிக்கும் 'ட்ரிம்' என்னும் ஆணையும், 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதலாகப் பரவலாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவைத் தடயவியல் உலகுக்கு வன்மையாக உணர்த்தியது, மேற்கு அவுஸ்திரேலியாவின் மர்டொக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரயம் பெல், றிச்சட் பொடிங்ரன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வுரையாகும். திண்மநிலைச் சேமிப்பகமொன்றைத் தரவால் நிரப்பி, விரைவு முறையில் வடிவமைத்தபோது, சில நிமிடங்களுள் பழந்தரவு பெரும்பாலும் மறைந்துபோனதை அவர்கள் கண்டனர். எழுதல் தடுப்பியின் பின்னாலும் இத்துடைப்பு நிகழக்கூடும் என்பதே அவர்களது முடிவுகளுள் முதன்மையானது. தடுப்பி வெளியிலிருந்து வரும் ஆணையையே தடுக்கும். உள்ளிருக்கும் கட்டுப்படுத்திக்கு வேண்டுவது மின்சாரம் மாத்திரமே.

இவ்வாய்வுரையின் சிறப்பு, துறையின் ஆறுதலைக் கலைத்தமையாகும். அதன் குறைபாடு, ஒரு வகைச் சேமிப்பகத்திற் கண்டதனைத் தடயவியல் மீட்பின் முடிவுகாலம் பற்றிய வினாவாகத் தலைப்பிலேயே விரித்தமையாகும். அடுத்த ஆண்டு, 2011இல், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மைக்கேல் வெய் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுதலையான காட்சியை முன்வைத்தது. அவர்கள் கட்டுப்படுத்தியைத் தவிர்த்துச் சில்லுகளை நேரே வாசித்தனர். அழித்ததாகக் கருதப்பட்ட கோப்புகளின் பழம்பிரதிகள் பல அங்கே எஞ்சியிருந்தன. தனிக் கோப்பொன்றைத் துடைப்பதற்கெனக் கைக்கொள்ளப்பட்ட முறைகளுள் எதுவும் நம்பத்தக்கதாயிருக்கவில்லை.

ஒன்று தரவு விரைவில் மறைகின்றது என்கின்றது; மற்றொன்று மறையாது ஒளிந்திருக்கின்றது என்கின்றது. மேலோட்டமாக நோக்குவோர் இவற்றை முரணெனக் கொள்வர். ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஓருண்மையின் இரு பக்கங்களேயாம். கணனிக்குத் தெரிவது கட்டுப்படுத்தி காட்டும் முகம். சில்லுகளில் இருப்பது வேறு. சான்றாக, 256 கிகாபைற் எனக் குறிக்கப்படும் சேமிப்பகத்திற் சில்லுகளின் கொள்ளளவு 274.9 கிகாபைற்றாக இருக்குமாயின், அம்மிகையான ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கணனி அறிந்த முகவரி எதுவுமில்லை. வழமையான விம்பத்துள் அது வராது. எனவே விம்பம் என்பது சேமிப்பகத்தின் படி அன்று. ஒரு குறித்த வேளையில் நாம் கேட்டவற்றுக்குக் கட்டுப்படுத்தி அளித்த விடைகளின் தொகுப்பு. இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பார்க்கே இவ்வுண்மை புலப்படும்.

இவ்விரண்டும் தனிச் சேமிப்பகங்களையே பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டன. ரெயிட் வரிசையிற் சிக்கல் மேலும் பெருகுகின்றது. 1988இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரான்டி கற்ஸ் ஆகியோர் முன்வைத்த ரெயிட் கருத்து, மலிவான தட்டுகள் பலவற்றைப் பிணைத்து, ஒன்று பழுதுறினும் தரவு பிழைக்க வழிசெய்வதாகும். மடிக்கணனிகளிலோ, பின்னர் அப்பெயரோடு சேர்க்கப்பட்ட ரெயிட் 0 என்னும் பாதுகாப்பற்ற வகையே வேகங் கருதி இடம்பெற்றது. 2010இல் வெளிவந்த சொனி வயோ செட் மடிக்கணனி இதற்கு எடுத்துக்காட்டு. ரெயிட் 0இல் தரவு கீற்றுகளாக வகுக்கப்பட்டு உறுப்புகளில் மாறிமாறி எழுதப்படும். கீற்று 128 கிலோபைற்றாகவுள்ள இருறுப்பு வரிசையில், 512 கிலோபைற் கோப்பொன்று நான்கு கீற்றுகளாகி, முதலாவதும் மூன்றாவதும் ஓருறுப்பிலும், இரண்டாவதும் நான்காவதும் மற்றதிலும் அமையும். ஒவ்வோருறுப்பிலும் உள்ள கட்டுப்படுத்தி மற்றதை அறியாது தன் போக்கிலே துடைக்கின்றது. ஓருறுப்பு துடைத்து மற்றது துடைக்காதிருப்பின், அழிக்கப்பட்ட கோப்பு செல்லரித்த ஏடு போல இடையிடையே துளைபட்டு நிற்கும். உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியெடுக்கப்படுமாயின், காத்திருக்கும் உறுப்புக்கும் மின்சாரம் சென்றுகொண்டிருப்பின், ஒரே நூலின் இரு பாதிகள் வெவ்வேறு வேளைக்குரியனவாகிவிடும்.

ட்ரிம் ஆணை வரிசையினூடே உறுப்பைச் சென்றடைகின்றதா என்பதும் பொறியையும் மென்பொருளையும் பொறுத்தது. இன்ரெல் நிறுவனத்தின் ரெயிட் மென்பொருளில், 2012இல் வெளிவந்த 11ஆந் தொடரோடுதான் ஏழாந் தொடர்ச் சில்லுத் தொகுதிகளில் ரெயிட் 0 வரிசைக்கு அது வாய்த்தது. ஆகவே புறத்தே வேறுபாடற்ற இரு மடிக்கணனிகளுள், ஒன்றில் அழித்த கோப்பு மீளக் கிடைக்க, மற்றதில் கிடையாதொழியலாம். அவ்வேறுபாட்டுக்கும் உரிமையாளரின் எண்ணத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை.

இரு உறுப்புகளிலும் ஒரே தரவை எழுதும் ரெயிட் 1 இன்னும் நுணுகி நோக்கற்பாலது. இரண்டும் ஒன்றேயெனக் கருதி ஓருறுப்பை மாத்திரம் படியெடுப்பது தவறாகும். வழக்கிலுள்ள கோப்புகள் ஒத்திருப்பினும், அழிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று துடைத்ததை மற்றது வைத்திருக்கக் கூடும். இரு விம்பங்களின் ஹாஷ் பெறுமானங்கள் ஒவ்வாதிருத்தல் மோசடிக்குச் சான்றாகாது. இது பாடபேதம் போன்றது. பாடபேதத்தை நீக்கிவிடும் பதிப்பாசிரியர் தம் வாசகருக்கு உண்மையை மறைத்தவராவர். இரண்டையும் தருபவரே நேர்மையாளர்.

ஹாஷ் பெறுமானம் பற்றிய மயக்கமும் இவ்விடத்துக் களையப்பட வேண்டியதாகும். படியெடுத்தபின் விம்பம் மாறவில்லை என்பதை அது நிறுவும். விம்பம் முழுமையானது என்பதை நிறுவாது. ட்ரிம் செய்யப்பட்ட முகவரிகளுக்கு எப்போதும் ஒரே விடையளிப்பதாக உறுதி கூறாத சேமிப்பகங்களும் உள. அவற்றை மறுநாள் மீள வாசித்தால் வேறு பெறுமானம் கிடைத்தல் கூடும். மூன்றாமவர் அதே முடிவை எய்த வேண்டும் என்னும் கொள்கை, இனி விம்பத்தின்மேல் மாத்திரம் செல்லும், மூலத்தின்மேற் செல்லாது.

இவை தொழில்நுட்பக் கருவியாளருக்கு மாத்திரமுரிய நுணுக்கங்கள் அல்ல. துடைக்கப்பட்ட சேமிப்பகத்தைக் கண்டவுடன், உரிமையாளர் சான்றை வேண்டுமென்றே ஒழித்தார் என முடிவுசெய்தால், இயந்திரத்தின் இயல்பான செயலுக்கு மனிதர் ஒருவர் தண்டனை பெறுவர். மறுதலையாக, விம்பத்தில் ஒன்றுமில்லை என்பதனால் ஒன்றும் நிகழவில்லை என முடிவுசெய்தால், பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிட்டாது. இலங்கையிலும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டம் கணனிச் சான்று நீதிமன்றில் ஏற்கப்படுதற்கு வழிவகுத்தது. ஆதலின் இவ்வினா நமக்கும் அயலானதன்று.

இவற்றால் விம்பமெடுத்தலைக் கைவிட வேண்டும் என்பது பெறப்படாது. வேண்டுவது அதன் எல்லையை ஒப்புக்கொள்ளும் நடைமுறையாகும். ஒவ்வோருறுப்பும் தனித்தனியே, இயலுமாயின் ஒரே வேளையில், படியெடுக்கப்படல் வேண்டும். மின்சாரம் கொடுத்த நேரம், வாசித்த நேரம், உறுப்புகளின் ஒழுங்கு, கீற்றின் அளவு, ரெயிட் மென்பொருளின் பதிப்பு ஆகியன குறிக்கப்படல் வேண்டும். வரிசையை ஒன்றுசேர்த்தல் மூலத்தின்மேலன்றி விம்பங்களின்மேலேயே செய்யப்படல் வேண்டும். சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பினும், கழற்றினால் திறவாத மறையீட்டுக்கு உட்பட்டிருப்பினும், இயங்கும் கணனியிலிருந்தே தரவைப் பெற நேரிடலாம். அப்போது இன்ன மாற்றம் எம்மால் நேர்ந்தது என எழுதிவைப்பதே நேர்மையாகும்.

சுருங்கக் கூறின், 'முழுமையான படி' என்னும் தொடரை அறிக்கைகளிலிருந்து நீக்கி, 'இன்ன நாளில், இன்ன வேளையில், இன்ன முறையில் வாசித்தபோது கிடைத்தது' என எழுதுதல் வேண்டும். பதிப்பாசிரியர் தம் முன்னுரையில், தமக்குக் கிடைத்த ஏடுகள் எத்தனை, எங்கிருந்து வந்தன, எவ்விடங்கள் சிதைந்திருந்தன என்று கூறுவதால் நூலின் மதிப்புக் குறைவதில்லை. அக்கூற்றினாலேயே வாசகர் அந்நூலை நம்புகின்றனர். தடயவியலாளரின் அறிக்கையும் அத்தகைய முன்னுரையைப் பெறும்போதே, நீதிபதி அதனை அதற்குரிய அளவில் நம்பவும், உரிய இடத்தில் ஐயுறவும் இயலும்.