காலத்தைக் கைப்பற்றும் அரசு: ‘என் இனிய இயந்திரா’ குறித்து ஒரு திறனாய்வு

அறிவியற் புனைகதைகளில் படையெடுப்பு பழகிய கருப்பொருள். எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ நாவலில் செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தைத் தாக்குகின்றனர். ஐரோப்பியர் டாஸ்மேனியப் பழங்குடியினரை அழித்ததை ஆசிரியர் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். அங்கே பறிபோவது நிலம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’விலோ பறிபோவது காலம்.

ஜீவா ஆளும் எதிர்கால இந்தியாவில் குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும்; வாழ்நாளுக்கும் அரசே எல்லை வகுக்கிறது. நிலா, சிபி, ரவி, மனோ எனப் பெயர்கள் ஈரெழுத்தாகக் குறுகிவிட்டன. பெயரில் முன்னோரும் ஊரும் தங்கியிருத்தலால், பெயரைக் குறுக்குவது கடந்த காலத்தையே குறுக்குவதாகும். பாபிலோன் அரண்மனை தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் என மறுபெயரிட்டதை நாம் அறிவோம். காலங்களையும் சட்டத்தையும் மாற்ற நினைக்கும் அரசனைப் பற்றி அந்நூலின் 7ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் இங்குச் சிந்தனைக்குரியது.

இவ்வரசுக்கு எதிர்ப்பு எவ்வாறு எழுகிறது? ஜீவா வெறும் ஒளியுருவமே என்பது வெளிப்படுகிறது. ஆயினும், விடுவிக்க வந்த ரவியும் மனோவும் நிலாவைப் பொம்மை அரசியாக்கித் தாமே ஆளத் தொடங்குவதைத் தொடர்நூலான ‘மீண்டும் ஜீனோ’ காட்டுகிறது. சூழ்ச்சியால் வீழ்ந்த பொய் மற்றொரு பொய்க்கே இடம் விடுகிறது. இதுவே இக்கதையின் ஆழ்ந்த உண்மை எனலாம். நூல்களைப் படித்துச் சிந்திக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாய் மனிதரினும் மனிதத் தன்மையுடன் விளங்குகிறது.

ஆனால் இதிலேயே குறையும் உள்ளது. பொதுமக்கள் பார்வையாளராகவே நின்றுவிடுகின்றனர். அவர்களிடம் அரசு தராத ஒரு நாளோ கூட்டு நினைவோ காணப்படவில்லை. வரலாற்றில் மக்கள் அவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. நம் காவிரிக் கடற்கரையே சான்று. நாகப்பட்டினம் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரருக்கும், 1781இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. ஆட்சிக் கொடிகள் இறங்கின. அருகிலுள்ள வேளாங்கண்ணியிலோ ஆண்டுதோறும் ஆகஸ்டு 29இல் விழாக் கொடி ஏறுகிறது; செப்டம்பர் 8 வரை பல சமயத்தாரும் நெல்வயல்களினூடே நடந்து வருகின்றனர். மரியாள் வணக்கம் பற்றி நம் சீர்திருத்த மரபின் கருத்து வேறுதான். எனினும், ஆள்வோர் எவராயினும் தம் நாள்களைத் தாமே எண்ணும் மக்களை அங்கே காண்கிறோம். சுஜாதாவின் கதையுலகில் இல்லாதது இத்தகைய எதிர்ப்பே.

அவர் கற்பித்த எதிர்கால ஆண்டுகள் 2020களின் தொடக்கத்திலேயே கடந்துவிட்டன, கேள்வி கடக்கவில்லை. ஜீவாவின் அரசு கைப்பற்றுவது பிறப்பு, இறப்பு என்னும் இரு வாயில்களை. அவ்விரண்டிலும் உடன்நின்று, ஒருவரின் பெயரை முழுமையாகச் சொல்லும் பணி திருச்சபைக்கு உண்டு. ஆதலால் இந்நூல் போதகர்களும் இறையியல் மாணவர்களும் கருத்தூன்றிப் படிக்கத்தக்கதே.