முயலும் திருடனும்: வார்ரோவின் சொல்லாராய்ச்சி

முயலுக்கு லத்தீனில் லெபுஸ் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதற்கு, ரோமில் வாழ்ந்த ஏலியுஸ் ஸ்டிலோ என்ற இலக்கண ஆசிரியர் ஒரு பதில் வைத்திருந்தார். லெவிஸ் என்றால் லேசானது, பேஸ் என்றால் கால். லேசான கால் உள்ளது, அதனால லெபுஸ். நரிக்கு வுல்பேஸ் என்று பெயர். அதுக்கும் இதே பாணி விளக்கம்தான்: காலால் பறப்பது, அதனால வுல்பேஸ். கேட்க அழகா இருக்கு. முயல் ஓடறதைப் பார்த்த யாரும் சட்டுனு மறுக்க மாட்டாங்க.

மறுத்தவர் அவருடைய மாணவரே. மார்க்குஸ் தெரெந்தியுஸ் வார்ரோ (கி.மு. 116–27). லெபுஸ் என்பது லத்தீன் சொற்கள் ரெண்டு சேர்ந்து உண்டானது இல்லை, பழைய கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்றார். தன் ஆசிரியர் பெரிய அறிஞர்தான், ஆனால் இந்த இடத்தில் வேற்றுமொழிச் சொல்லை வீட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டார் என்பது வார்ரோவின் வாதம். அது நேரே கிரேக்கத்திலிருந்து வந்ததா, இல்லை ரெண்டு மொழியுமே அந்தப் பகுதியின் வேறொரு பழைய மொழியிலிருந்து எடுத்ததா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. 'லேசான கால்' விளக்கத்தை மட்டும் இன்று யாரும் ஏற்பதில்லை.

இந்த வார்ரோ எழுதியதுதான் 'லத்தீன் மொழி பற்றி' என்ற நூல். மொத்தம் 25 பகுதிகள். நமக்குக் கிடைத்திருப்பது 5 முதல் 10 வரை மட்டும், அதிலும் இடையிடையே ஓட்டைகள். ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தைப் படித்தபோது நான் அசந்து போனேன். எல்லாச் சொல்லுக்கும் மூலம் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். காலம் சில சொற்களை அழித்துவிட்டது. சில சொற்களில் எழுத்து கூடியிருக்கும், சிலதில் குறைந்திருக்கும். எல்லாச் சொல்லும் நம்முடையதும் இல்லை. பொருளும் மாறும். அதுக்கு அவர் தரும் உதாரணம் ஹோஸ்டிஸ். அவர் காலத்தில் அதற்குப் 'பகைவன்' என்று பொருள். முன்பு அது வெறுமனே 'அயல்நாட்டான்' என்பதைக் குறித்தது, பகைவனுக்கு வேறு சொல் இருந்தது என்கிறார். இது சரியான தகவல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு தெளிவு.

சரி, இவ்வளவு தெரிந்தவர் புத்தகத்தின் மற்ற பக்கங்களில் என்ன செய்கிறார்? ஆசிரியர் செய்ததையேதான் செய்கிறார். நாய்க்கு கானிஸ் என்று பெயர். ஊதுகுழலில் சமிக்ஞை கொடுப்பதற்கு லத்தீனில் கானெரே என்பார்கள், பாடுவதற்கும் அதே வினைதான். நாயும் குரைத்துச் சமிக்ஞை கொடுக்கிறது, அதனால கானிஸ் என்கிறார். நரியின் 'பறக்கும் கால்' விளக்கத்தையும் ஆசிரியர் பெயரைச் சொல்லி அப்படியே எழுதிவிட்டுப் போகிறார். முயலுக்குக் கேட்ட கேள்வியை நரிக்குக் கேட்கவில்லை.

இதில் பெரிய சறுக்கல் திருடன் விஷயத்தில். திருடனுக்கு லத்தீனில் ஃபூர். ஃபுர்வுஸ் என்றால் கருப்பு. திருடன் இருட்டில் திருடுவதால் ஃபூர் என்றார் வார்ரோ. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் என்பவர் தன் 'அட்டிக்கா இரவுகள்' நூலில் இந்த ரெண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கிரேக்கத்தில் திருடனுக்கு ஃபோர் என்ற சொல் இருக்கிறதே, முயலுக்குக் கிரேக்கம் தேடியவர் திருடனுக்கு ஏன் தேடவில்லை என்பதே அவர் கேள்வி. ஆசிரியரைத் திருத்திய அதே தவறில் மாணவரும் விழுந்தார்.

இவங்க யாரும் முட்டாள்கள் இல்லை. பிரச்சினை முறையில் இருக்கு. அந்த முறையில் தோற்கவே முடியாது. லூகுஸ் என்றால் மரங்கள் அடர்ந்த புனிதத் தோப்பு. லூகெரே என்றால் ஒளிர்வது. தோப்புக்குள்ளே வெளிச்சம் இல்லை, அதனால்தான் லூகுஸ் என்று ஒரு விளக்கம் அன்றைக்கு உலவியது. குவிந்திலியன் இதைக் கிண்டலாகக் குறிப்பிடுகிறார். வெளிச்சம் இருந்தாலும் அந்தப் பெயர், இல்லாவிட்டாலும் அதே பெயர்! எந்த இன்புட் கொடுத்தாலும் 'பாஸ்' என்று சொல்லும் டெஸ்ட்டை எழுதி வைத்துக்கொண்டு, புரோகிராம் சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் இது. வேடிக்கை என்னன்னா, லூகுஸும் ஒளியும் உண்மையிலேயே ஒரே வேர். மரங்களுக்கு நடுவே வெட்டவெளியாக, வெளிச்சம் விழும் இடம் என்பதுதான் பழைய பொருள். விடை சரி, வழி தப்பு. அப்படிக் கிடைத்த விடையை வைத்து அடுத்த சொல்லுக்குப் போக முடியாது.

தோற்கக்கூடிய டெஸ்ட் வர 19-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. ஒலி மாற்றம் ஒழுங்காக நடக்கும் என்று கண்டுபிடித்தார்கள். லத்தீனில் சொல் முதலில் 'க' வந்தால் ஆங்கிலத்தின் இனச்சொல்லில் 'ஹ' வரும்: கானிஸ்–ஹவுண்ட், கோர்னு–ஹார்ன், கெந்தும்–ஹண்ட்ரட். லத்தீன் 'ஹ'வுக்கு நேரே பொதுவாக ஆங்கில 'க' வரும்: ஹோஸ்டிஸ்–கெஸ்ட். ஆமாம், லத்தீன் பகைவனும் ஆங்கில விருந்தாளியும் ஒரே சொல். அயலானை ஒருத்தர் பகைவனாக்கினார், இன்னொருத்தர் விருந்தாளியாக்கினார். இதே விதிப்படி, 'வைத்திருக்கிறேன்' என்ற ஒரே பொருளும் ஏறக்குறைய ஒரே ஒலியும் உள்ள லத்தீன் ஹாபேயோவும் ஆங்கில ஹேவும் சொந்தமே இல்லை. ஹேவுக்கு உறவு 'பிடிக்கிறேன்' என்ற பொருளுள்ள காபியோ. லத்தீன் தியேஸும் ஆங்கில டேயும் அப்படித்தான்: ரெண்டும் 'நாள்', ஆனால் உறவில்லை. ஒற்றுமையா தெரியறதை நம்பாதேன்னு சொல்ற விதி இது.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் லத்தீன் சொற்பட்டியலையும் தமிழ்ச் சொற்பட்டியலையும் எடுத்து, எடிட் டிஸ்டன்ஸ் பார்க்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நெருக்கமான ஜோடிகள் கொட்டின. 'நாவிஸ் – நாவாய்' முதல் வரிசையில் இருந்தது. உற்சாகமாகப் பதிவும் போட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து, தமிழ்ப் பட்டியலை எடுத்துவிட்டு ஃபின்னிஷ் பட்டியலை வைத்தேன். அதிலும் கொட்டியது. நாவிஸுக்கு கிரேக்கத்தில் நவுஸ், சமஸ்கிருதத்தில் நௌ என்று ஒழுங்கான உறவுகள் இருக்கின்றன. நாவாயின் வரலாறு எதுவாக இருந்தாலும், நாவிஸ் தமிழிலிருந்து போனது என்று சொல்ல இடமில்லை.

தமிழோடு உண்மையான தொடர்பு இருக்கும் சொல்லும் லத்தீனில் இருக்கிறது: இஞ்சியைக் குறிக்கும் ஜிங்கிபெர். கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ், பாலியில் சிங்கிவேர, அதற்குப் பின்னால் இஞ்சி, வேர் என்ற திராவிடச் சொற்கள். பொருள் கப்பலில் போனது, பெயரும் கூடவே போனது. ஒவ்வொரு படியையும் தொட்டுக் காட்ட முடிகிறது. ஒலி ஒற்றுமையை மட்டும் பார்த்திருந்தால் ஜிங்கிபெர் என் பட்டியலில் வந்தே இருக்காது. உண்மையிலேயே வரவும் இல்லை.

வார்ரோவை இன்று படிக்க வேண்டியது அவருடைய விளக்கங்களுக்காக இல்லை. தன் முறையின் எல்லைகளை முன்னுரையிலேயே எழுதியவர் பத்துப் பக்கம் தள்ளி அதையெல்லாம் எப்படி மறந்தார் என்று பார்ப்பதற்காக. ஆசிரியர் தவறு கண்ணில் பட்டது, தன் தவறு படவில்லை. என் பழைய பதிவை அழிக்கவில்லை. மேலே ஒரு குறிப்பு சேர்த்து, எந்தெந்த ஜோடி தப்பு, ஏன் தப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை முக்கால்வாசி முடிந்திருக்கிறது. ஒன்றுகூட தேறவில்லை.