'செற்' என்னும் ஆங்கில வினை: பொருட்பெருக்கமும் பிறப்பும்

ஆங்கில மொழியிலே மிகப் பல பொருள்களைத் தாங்கிய சொல் யாது என வினவுவார்க்கு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்த விடை ஒன்றுண்டு. மூன்றே எழுத்துக்களால் ஆகிய 'செற்' என்னும் வினையே அது. 1989 ஆம் ஆண்டில் 20 தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இவ்வொரு வினையை விளக்குதற்கு ஏறக்குறைய 60,000 சொற்களைச் செலவிட்டது. தனித்து நிற்கும் வினைக்கு 430 பொருளும், பிற சொற்களோடு கூடித் தொடராய் நிற்கும்வழி ஏறத்தாழ 150 பொருளுமாக, 580 அளவில் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. ஆயின், பொதுமக்கள் வியந்து படிக்கும் சாதனைத் தொகுப்புக்களிலே இதே வினைக்கு 126 பயன்பாடுகள் எனக் காணப்படும். ஒன்று 126 என்கிறது; மற்றொன்று 430 என்கிறது. எண்ணப்படும் பொருள் ஒன்றேயாக, எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுமாயின், குறை எண்ணுவார் கணிதத்திலே இல்லை. 'ஒரு பொருள்' என்று எதனைக் கொள்வது என்னும் அடிப்படையிலேயே அது உளது.

இவ்வையத்தை முதலில் உணர்ந்தவர் அகராதி செய்தோரே. 1755 இல் தமது அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையிலே, எங்கும் வழங்கும் எளிய வினைகளே அகராதி செய்வோனுக்குப் பெருந்தொல்லை என வருந்திச் சில வினைகளை நிரல்படக் கூறியுள்ளார். 'செற்' அந்நிரலிலே இடம்பெறுகின்றது. 'எடு' என்னும் பொருளுடைய வினை ஒன்றிற்கு மட்டும் அவர் 134 பொருள் வகுக்க நேர்ந்தது. அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறல் எளிது. எல்லாரும் அறிந்த சொல்லுக்குக் கூறுதலே அரிது. ஜோன்சனுக்குப் பின் நூறாண்டு கழிந்து, மொழிநூற் கழகத்தார் தொடங்கிய பேரகராதி 1884 இல் முதற்பகுதியாகவும் 1928 இல் முழுமையாகவும் வெளிப்போந்தது. அதிலே 'செற்' அடங்கிய பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி என்னும் அறிஞர். ஒவ்வொரு பொருளும் எக்காலத்தில் முதலிற் காணப்படுகின்றதென எழுத்துச் சான்று காட்டி, வரலாற்று முறையிலே நிரற்படுத்துவது அவ்வகராதியின் நோக்கம். அந்நோக்கத்திற்கு நுண்ணிய பாகுபாடு வேண்டற்பாலதே. வரலாற்றுக்காகச் செய்த பாகுபாட்டை மொழியின் வளத்திற்கு அளவுகோலாக்கியவர்கள் அதனைப் படித்தோரேயன்றிச் செய்தோர் அல்லர்.

இனி, இவ்வினையின் பிறப்பு நோக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்திலே 'சிற்றன்' என்றொரு வினையும் 'செற்றன்' என்றொரு வினையும் இருந்தன. முன்னையது இருத்தல் என்னும் தன்வினை; இன்றைய 'சிற்' அதன் வழிவந்தது. பின்னையது இருக்கச் செய்தல் என்னும் பிறவினை; இன்றைய 'செற்' அதுவே. ஆங்கிலத்துக்கும் ஜேர்மனுக்கும் முன்னோடியாகிய தொன்மொழியிலே, இறந்தகால வடிவில் உள்ள அகர உயிரோடு ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை ஆக்கினர். அவ்வாறு ஆய வடிவினை 'சற்யன்' என மொழிநூலார் மீட்டமைத்துக் காட்டுவர். விகுதியின் யகரம் முன்னின்ற அகரத்தை எகரமாகத் திரித்துவிட்டுத் தான் மறைந்தது. ஆகவே இன்று 'சிற்', 'செற்' என்னும் இரண்டிடையே காணப்படும் உயிர்வேறுபாடு ஒன்றே அன்று நின்ற விகுதிக்கு எஞ்சிய சான்றாகும். விழுதல், வீழ்த்தல் எனவும், கிடத்தல், கிடத்துதல் எனவும், குடித்தல், குடிக்கச் செய்தல் எனவும் பொருள்படும் வேறு சில ஆங்கில இணைகளும் இம்முறையிற் பிறந்தவையே. அவற்றுள் இறுதியிற் கூறியதன் பிறவினை இன்று 'முற்றாக நனைத்தல்' என்று பொருள் தருதலால், அதன் உறவு ஆங்கிலம் பேசுவோர்க்கே தோன்றுவதில்லை.

தமிழறிந்தார்க்கு இது புதுமையன்று. இரு, இருத்து, கிட, கிடத்து, வீழ், வீழ்த்து என்பன நாள்தோறும் வழங்குவன. உட்காருதலை 'இருத்தல்' என்றே வழங்கும் யாழ்ப்பாணத்தார்க்கு, 'சிற்' என்பதற்கும் 'செற்' என்பதற்கும் உள்ள உறவு 'இரு', 'இருத்து' என்பவற்றிலே அப்படியே அமைந்து கிடக்கின்றது. ஆயினும் இவ்வொப்புமை ஆக்கமுறை பற்றியதேயன்றி இனம் பற்றியதன்று. ஒலி சிறிது ஒத்தவிடத்து உறவு கற்பிக்கும் வேட்கை இன்னும் அழிந்திலது. 'செற்' என்னும் ஒலியைக் கேட்டவுடன் 'செற்றார்' என்பதனை நினைப்பார் உளராயின், பகைவரைக் குறிக்கும் அச்சொல் செறுத்தல் வழிப் பிறந்தது என்பதனை அவர் அறிதல் வேண்டும். இரண்டும் ஒலியளவில் நெருங்கின, அவ்வளவே.

உண்மையான உறவு வடமொழியோடும் இலத்தீனோடும் கிரேக்கத்தோடும் உள்ளது. இருத்தற் பொருளதாகிய 'சத்' என்னும் வடமொழித் தாதுவும் ஆங்கில 'சிற்' என்பதும் ஒரே மூலத்தின் கிளைகள். ஆசிரியனை அணுகிக் கீழே இருத்தல் என்னும் கருத்தை உட்கொண்ட 'உபநிடதம்' அத்தாதுவிற் பிறந்தது. சூழ இருப்போர் எனப் பொருள்படும் 'பரிஷத்' என்பதும் அதுவே. 'பிரசாதம்' என்னும் சொல்லைக் கோயில் வாயிலில் நாளும் கேட்பவர் பலர். கலங்கிய நீர் அடியில் தங்கித் தெளிதல் போல உள்ளம் தெளிதலும், அத்தெளிவினால் அருளுதலும், அருளினால் வழங்கப்படுவதும் எனப் படிப்படியாக அதன் பொருள் விரிந்தது. வியப்பு யாதெனின், நீரின் அடியிலே தங்கும் வண்டலைக் குறிக்க ஆங்கிலம் இலத்தீனிலிருந்து பெற்ற சொல்லும் இம்மூலத்தினதே. அவைக்குத் தலைமை தாங்குவோனைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல் 'முன்னே இருப்பவன்' என்னும் பொருளது. பறவையின் கூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வடமொழி 'நீடம்' என்பதும் 'கீழே இருக்குமிடம்' என்னும் ஒரே பழஞ்சொல்லின் இரு வடிவங்கள். இச்சுற்றத்தார் பலரும் தத்தமக்குரிய ஒரு தொழிலைச் செய்துகொண்டிருக்க, பிறவினையாகிய 'செற்' மாத்திரம் ஊர்ப்பணி முழுவதையும் தலைமேற் சுமந்துகொண்டது.

அச்சுமை எவ்வாறு ஏறிற்று? பழைய ஆங்கிலத்திலேயே வைத்தல், நிறுவுதல், குடியேற்றுதல், எழுதியமைத்தல் முதலாய பல பொருள்களில் அது வழங்கிற்று. பின்னர் மணியைப் பதித்தல், அச்செழுத்துக் கோத்தல், முறிந்த எலும்பைப் பொருத்துதல், பாட்டுக்கு இசை அமைத்தல், மணிக்கூட்டின் நேரத்தைச் சரிப்படுத்துதல், வினாத்தாள் தயாரித்தல் எனத் தொழில்தோறும் புதுப்பொருள் தோன்றியது. மரமரியும் வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் சாய்த்துவிடுதலுக்கும் தச்சர் இச்சொல்லையே கொண்டனர். இவையெல்லாம் 'உரிய நிலையில் இருக்கச் செய்தல்' என்னும் ஒரு கருத்தினுள் அடங்குவன. அடங்காதன சில உள. கதிரவன் மறைதலும், சாந்தும் கட்டித்தயிரும் இறுகுதலும் இவ்வினையாலேயே கூறப்படுகின்றன. அங்கே பிறவினை தன்வினையாயிற்று. 'தன்னைத் தான் இருத்திக்கொள்ளுதல்' என்னும் வழக்கிலே 'தன்னை' என்பது மறைந்தமையும், ஒலியொத்த 'சிற்' என்பதனோடு நேர்ந்த மயக்கமும் அதற்குக் காரணமாகலாம். ஞாயிறு 'படும்' என்பது தமிழ் வழக்கு. 'பொழுதுபட வா' என்பது யாழ்ப்பாணப் பேச்சு. தமிழன் கண்ட ஞாயிறு மேற்கிலே விழுந்து கிடந்தது. ஆங்கிலேயன் கண்டது அங்கே அமர்ந்தது.

'செற்' நெடுங்காலம் வகித்த முதலிடம் பின்னர் அதற்கு நிலைக்கவில்லை. பேரகராதியின் மூன்றாம் பதிப்பிற்கான திருத்தம் நடைபெற்று வருகையில், 2000 இல் 'செய்' எனப் பொருள்படும் வினையும், 2007 இல் 'இடு' எனப் பொருள்படும் வினையும், 2011 இல் 'ஓடு' எனப் பொருள்படும் 'றன்' என்னும் வினையும் ஒன்றன்பின் ஒன்றாக அதனை விஞ்சின. 'றன்' என்பதற்கு 645 பொருள் கண்டனர். எந்திரங்களும் தொழிற்சாலைகளும் பெருகிய உலகிலே நிற்றலினும் ஓடுதலே சிறந்ததாயிற்று எனச் சிலர் இதற்கு நயமான விளக்கம் கூறினர். நயம் உண்டு, அதனை முழு விளக்கமாகக் கொள்ளல் இயலாது. திருத்திய பதிவையும் திருத்தாத பழம் பதிவையும் அருகருகே வைத்து உயரம் பார்த்தல், மேடையில் நிற்பவனோடு தரையில் நிற்பவனை ஒப்பிடுதல் போலாம்.

அன்றியும், 'றன்' என்பதன் பிறப்பை நோக்கினார் அவ்வெண்ணிக்கையின் இரகசியத்தை ஓரளவு அறிவர். பழைய ஆங்கிலத்தில் ஓடுதலுக்கு ஒரு வினையும், ஓடச்செய்தலுக்கு வேறொரு வினையும் இருந்தன. ஸ்கந்தினாவியர் கொண்டுவந்த உறவுச் சொற்களும் அவற்றோடு கலந்தன. காலப்போக்கில் யாவும் ஒரு வடிவினுள் ஒடுங்கின. ஆறு ஓடுதலும், குதிரையை ஓட்டுதலும், கடை நடத்துதலும் இன்று ஒரே தலைச்சொல்லின் கீழ் எண்ணப்படுகின்றன. தமிழிலே ஓடு, ஓட்டு, நட, நடத்து என்பன நான்கு வினைகளாக வேறு நிற்கும். அவற்றின் பொருள்களையும் அகராதி நான்கு இடங்களிற் பகிர்ந்து கொடுக்கும். ஆங்கிலத்தில் வடிவுகள் தேய்ந்து ஒன்றானமையால் எல்லாம் ஒரிடத்திற் குவிந்தன. இதனைச் சொல்வளம் என்பதா, வடிவுச் சிதைவு என்பதா? இரண்டும் ஓரளவு பொருந்தும். வெறும் எண்ணை மட்டும் கண்டு முன்னையதே எனத் துணிதல் ஆராய்ச்சியாகாது.

பலபொருள் ஒருசொல்லைப் பற்றித் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வகுத்த விதி இவ்விடத்துப் பெரிதும் துணைபுரிவது. அத்தகைய சொற்களை வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என இருவகையாக்கி, முன்னையவற்றின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும் என அவர் உரைத்தார். 'மா' என்பது மரமோ விலங்கோ என்பதனை, அதனை அடுத்து வரும் 'பூத்தது' முதலாய வினையே காட்டிவிடும். அவர் கூறியது பெயரின் பொருளை வினை தெளிவிப்பது பற்றி. 'செற்' போன்ற வினைகளிடத்தே அவ்விதியை மறுதலையாக்கிக் கொள்ளல் வேண்டும்: பெயரே வினையின் பொருளைத் தெளிவிக்கின்றது. தீ, பொறி, விலை, மணி, எலும்பு என்பன அடுத்து வருந்தோறும் வினை வேறு வேறு பொருள் கொண்டதுபோலத் தோன்றும். உண்மையில் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி பெயரிடத்தது. அகராதியோ அதனை வினையின் கணக்கில் எழுதிவிடுகின்றது.

இதனைத் தமிழின் 'வை' என்னும் வினையைக் கொண்டு சோதித்தறியலாம். தீ வைத்தல், பொறி வைத்தல், விலை வைத்தல், குறி வைத்தல், அடி வைத்தல், மனம் வைத்தல், பரீட்சை வைத்தல் என்பவற்றிலெல்லாம் ஆங்கிலேயன் 'செற்' என்பான். கோழி முட்டைமேல் அடையிருத்தல் 'சிற்'. அதனை அடைவைத்தல் 'செற்'. இவ்வளவு அணுக்கமான ஒப்புமை உறவில்லாத இரு மொழிகளிடையே காணப்படுதல் அரிது. பெயர் வைத்தல், பொட்டு வைத்தல், உலை வைத்தல் என ஆங்கிலம் பின்தொடராத வழிகளிலும் 'வை' செல்லும். 'சொல்லிவைத்தான்', 'தெரிந்துவைத்தான்' எனத் துணைவினையாகவும் நிற்கும். இவற்றையெல்லாம் பிராட்லி எண்ணியவாறு சான்று காட்டி எண்ணினார் எவருமிலர். நிகண்டுகள் பெரும்பாலும் பெயர்களையே தொகுத்தன. ஆறுமுகநாவலர் உரையோடு பதிப்பித்த சூடாமணி நிகண்டின் பதினொராந் தொகுதியை ஈழத்து மாணவர் தலைமுறை தலைமுறையாக நெட்டுருச் செய்தனர். பலபொருட் பெயர்களே அங்கே மலிந்துள்ளன. 'வை' போன்ற வினைகள் யாவரும் அறிந்தன என்று விடப்பட்டன போலும். தமிழகராதிகளில் 'வை' குறுகிய இடம் பெறுதல் அவ்வினையின் வறுமையைக் காட்டுவதன்று. எண்ணுதற்கு ஆள் அமராமையையே காட்டும்.

ஒரு வேறுபாட்டையும் இங்கே மறைத்தலாகாது. ஏசுதலைக் குறிக்கும் 'வை' வேறொரு வினை. வைத்தான், வைதான் என இறந்தகாலத்தில் அவை பிரிந்துவிடும். அகராதியும் இரண்டு தலைச்சொற்களாகவே கொள்ளும். 'செற்' என்பதற்கோ நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றும் ஒரே வடிவம். ஆகவே பிறப்பால் வேறான சொல் ஒன்று வந்து அதனோடு கலந்துவிடின், வடிவத்தைக் கொண்டு பிரித்தறிதல் இயலாது. கலந்ததற்கும் சான்று உண்டு. தொகுதி எனப் பொருள்படும் 'செற்' என்னும் பெயர், பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் 'செக்தா' பழைய பிரெஞ்சின் வழி வந்ததனைத் தன்னுள் அடக்கியது. ஒருங்கு வைக்கப்பட்டவை என்னும் கருத்து வினையிலிருந்து வந்து அதனோடு ஒட்டிக்கொண்டது. கணித நூலார் 'செற்' என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'தொடை' என்னும் தமிழாக்கம் இரண்டாவது கருத்தைத் தழுவியது. தமிழ்நாட்டார் வழங்கும் 'கணம்' முதலாவதற்கு அணித்து.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, 'செற்' என்பதற்கு நேரே இருபதோ முப்பதோ தமிழ்ச் சொற்களை நிரல்பட எழுதி மனனஞ் செய்விக்கும் பழைய வகுப்பறை முறை எவ்வளவு பயன் தரும் என்பது ஐயத்திற்குரியது. அந்நிரலைப் பாடஞ்செய்த மாணவன், சாந்து இறுகியது என்னும் பொருளில் இவ்வினை வந்தவிடத்து 'சாந்து வைத்தது' என எழுதுவான். ஏனெனில் நிரலில் முதலில் நின்றது 'வை'. 'இரு', 'இருத்து' என்னும் இணையை முதலிற் காட்டி, அடுத்து வரும் பெயரை நோக்குமாறு பழக்கப்பட்டவனோ, நிலையற்ற ஒன்று நிலைகொண்டது என ஊகித்து, சாந்துக்கு 'இறுகியது' என்றும், தயிருக்கு 'உறைந்தது' என்றும், ஞாயிற்றுக்குப் 'பட்டது' என்றும் தானே எழுதுவான்.