புதைக்கக் கூடாத புதையல்

ஜியோகேச்சிங்கைத் தமிழில் சொல்லச் சொன்னால் எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்ளும் சொல் 'புதையல்'. ஆனால் இந்த விளையாட்டின் முக்கியமான விதிகளில் ஒன்று, எதையும் புதைக்கக் கூடாது என்பது. வைப்பவரும் மண்ணைத் தோண்டக் கூடாது, தேடி வருபவரும் தோண்டக் கூடாது. அதனால் இந்தக் கட்டுரையில் 'மறைப்பு' என்றே எழுதுகிறேன். அழகான சொல் இல்லைதான், ஆனால் பொய் சொல்லாத சொல்.

விளையாட்டு எளிது. தண்ணீர் புகாத டப்பா ஒன்றில் சின்ன நோட்டுப் புத்தகத்தைப் போட்டு ஓரிடத்தில் மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் ஒரு குறிப்பையும் இணையத்தில் போட வேண்டும். மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, நோட்டில் கையெழுத்துப் போட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். இதில் விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒருவர் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வழி அமைத்து, முன்பின் தெரியாத இன்னொருவரை அங்கே வரவழைக்கிறார். வந்தவருடைய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறார். சிறுகதை எழுதுகிறவரும் கிட்டத்தட்ட இதைத்தானே செய்கிறார்? அப்படியென்றால் நல்லது, சுமார், வீண் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

2000 மே 2 அன்று அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே காட்டுக்குள் ஒரு கறுப்பு வாளியை வைத்து அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகங்கள், மென்பொருள், பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் வாளி பாதி புதைக்கப்பட்டிருந்தது. விதிகள் எல்லாம் பிறகு பட்டுத் தெரிந்து வந்தவை. இந்த ஆசை மட்டும் பழையது. 1854இலேயே இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஜேம்ஸ் பெரோட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் அட்டையைப் போட்டுவிட்டுப் போக வழி செய்தார்.

நம்மிடம் இதைவிடப் பழைய கதை இருக்கிறது. 'செஜாரா மெலாயு'வில் வரும் ராஜா சூரான், ராஜேந்திர சோழனின் நினைவில் உருவான பாத்திரம் என்று பலர் கருதுவது, கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் போய்த் திரும்பிய பிறகு தன் கதையைக் கல்லில் எழுதச் சொல்கிறான். அந்தக் கல்லருகே பொன்னும் மணியும் வைத்து, பிற்காலத்தில் தன் வழிவந்த ஓர் அரசன் இதைக் கண்டெடுப்பான் என்கிறான். பொருளும் எழுத்தும் ஒன்றாக வைக்கப்பட்டு, பெயர் தெரியாத ஒருவனுக்காகக் காத்திருக்கின்றன. மறைப்பின் இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது.

அதே ராஜா சூரான் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கருங்கல் கோட்டையைத் தாக்கியதாகவும் அந்த ஏடு சொல்கிறது. இதையும் வேறு சான்றுகளையும் வைத்து ராய்மி செ-ரோஸ் 2004இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2005இல் 'ஜொகூர் காட்டில் மறைந்த நகரம்' என்று அது செய்தியானது. சோழன் பெயர் வந்ததும் நம்மவர்களுக்கு வந்த பரவசம் இருக்கிறதே, சொல்லி மாளாது. 2006இல் பாரம்பரியத் துறை, தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்றது. கோத்தா கெலாங்கி இருந்ததா இல்லையா என்பது என் வாதமில்லை. ஆனால் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்ற ஒரு சொல்லே மண்வெட்டியைத் தூக்க வைக்கும். 1587இல் போர்த்துகீசியர் அழித்த ஜொகூர் லாமாவின் மண்கோட்டையில் யாராவது டப்பாவைத் தேடிக் கரையைக் கிளறினால் போனது போனதுதான். அதனால்தான் தோண்டாதே என்ற விதி எனக்கு வெறும் நாகரிகமாகத் தெரிவதில்லை.

சரி, இன்றைய ஜொகூருக்கு வருவோம். இங்கே நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வீண். சாலைத் தடுப்புக் கம்பியின் பின்னால் காந்தத்தில் ஒட்டிய சுண்டுவிரல் அளவு குப்பி. தாமானின் விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தின் அடியில் ஒன்று. விளக்குக் கம்பத்தில் ஒன்று. ஏன் இங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்பது விதி. நெரிசலைத் தடுக்க வந்த இந்த விதியைச் சிலர் அளவுகோலாக்கிக்கொண்டு 161 மீட்டருக்கு ஒன்று என்று சாலை நெடுக வைத்துக்கொண்டே போகிறார்கள். மோட்டாரில் போய் இறங்கு, கையெழுத்துப் போடு, ஏறு. ஒரு நாளில் எத்தனை என்பதுதான் கணக்கு. நூறு கவிதைத் தொகுப்பு போட்டவரைப் பார்த்து நாம் என்ன நினைப்போமோ அதையேதான் இவர்களைப் பார்த்தும் நினைக்கிறேன்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மறைப்புக்கும் அதுதான் முதல். டப்பாவை எடுத்துவிட்டாலும் அந்த இடத்துக்கு ஒருவர் வந்திருக்க வேண்டுமா? ஆமாம் என்றால் வைக்கலாம். பொழுதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. தஞ்சோங் பியாயில் ஆசியப் பெருநிலத்தின் தென்முனை இருக்கிறது. 2003இல் ராம்சார் சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அலை ஏறும்போது ஒரு நிலம், இறங்கும்போது வேறொரு நிலம். அங்கே சேற்றில் இறங்கி அலையாத்தி வேர்களுக்கு நடுவே டப்பா வைக்கிறவர் நிலத்தையும் படிக்கவில்லை, பொழுதையும் படிக்கவில்லை. டப்பாவே இல்லாமல், போய்ப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதும் வகையும் இந்த விளையாட்டில் உண்டு. அலையரிப்பில் கரை எப்படிப் பின்வாங்குகிறது என்று மரப்பாலத்தில் நின்றபடியே கேட்கலாமே.

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு அப்படியே இங்கே செய்கிறவர்களிடம் எனக்குப் பெரிய புகார் உண்டு. இங்கே மழை வேறு. மூடி விரிசல் விட்ட டப்பா மூன்றே வாரத்தில் ஏடிஸ் கொசுத் தொட்டி. வீட்டுப் பூச்சட்டியில் தண்ணீர் தேங்கினாலே தண்டம் விதிக்கிற நாட்டில், யாரும் கவனிக்காத டப்பாக்களைப் புதரில் விட்டுவிட்டுப் போவது விளையாட்டா? வைத்தவர் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முடியாதென்றால் எடுத்துவிட வேண்டும்.

செம்பனைத் தோட்டம் இன்னொரு தொல்லை. மரங்கள் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் ஒன்றைப் போலவே ஒன்று நிற்கும். மட்டைகளுக்கு அடியில் கைத்தொலைபேசி காட்டும் இடம் பத்து மீட்டர் தள்ளிப்போகும். அதனால் 'மட்டை இடுக்கில் இருக்கிறது' என்று எழுதியதை நம்பி வருகிறவர் ஐந்தாறு மரங்களில் ஒட்டியிருக்கும் பெரணியைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போவார். அடுக்கிக் கிடக்கும் மட்டைக்குள் நாகம் இருந்தால் என்ன செய்வது? போதாததற்கு அது தனியார் நிலம். அனுமதி கேட்டார்களா என்றால், "யாருண்ணே கேக்குறா?" என்று சிரிக்கிறார்கள்.

அனுமதி என்பது இங்கே காகித விஷயம் மட்டுமல்ல. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி பட்டணத்தில் காபிக்கடை எதிரே ஒருவர் வைத்த சின்ன டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே அடைத்து, படை வந்து வெடிக்க வைத்தது. அங்கே அது செய்தியாகி முடிந்தது. இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. பொழுது சாயும் நேரத்தில் ஒரு தாமானின் சாக்கடையோரம் குனிந்து கையை விட்டுத் துழாவுகிறவர் வெள்ளைக்காரப் பயணி என்றால் காவலாளி சிரித்து உதவ வருவார். அதையே நம் வீட்டுப் பையன் ஒருவன் செய்தால்? "ச்சாரி அப்பா?" என்ற மலாய்க் கேள்வி வேறு தொனியில் வரும். என்னிடம் வந்திருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி, நோட்டைக் காட்டி, செயலியைத் திறந்து காட்டி விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஆகவே மறைப்பை அமைப்பவர் தனக்கு மட்டும் வசதியான இடமா என்று பார்க்காமல், தன்னைப் போலில்லாத ஒருவர் அங்கே நின்றால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். வழிபாட்டுத் தலங்கள், கல்லறைகள், சாலையோர முனியாண்டி மரம், இவற்றில் எல்லாம் கை வைக்கவே வேண்டாம்.

இவ்வளவு திட்டிய பிறகு, எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கூலாய் பக்கம் ஒரு பழைய தோட்டம். பெயரும் எண்ணும் தரமாட்டேன், தேடிக்கொள்ளுங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டு, கோயிலும் பள்ளிக்கூடத்தின் சிமெண்டுப் படிகளும் மட்டும் மிச்சம். எண்கள் முதலில் நம்மை அந்தப் படிகளுக்குத்தான் கொண்டுபோகின்றன. படிகளை எண்ண வேண்டும். அந்த எண்ணைக் குறிப்பிலுள்ள கணக்கில் போட்டால் பழைய பெரட்டுக் களத்துக்கு வழி வரும். அங்கே சிமெண்டு பெஞ்சின் அடியில் கொக்கி வைத்த சாப்பாட்டு டப்பா. கோயில் தலைவரிடம் கேட்டு அனுமதி வாங்கிய விவரமும் குறிப்பில் இருந்தது. எதையும் பிய்க்க வேண்டியதில்லை, தோண்ட வேண்டியதில்லை. பள்ளியிலிருந்து பெரட்டுக்கு நடந்து வந்த தூரம் இருக்கிறதே, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு வாழ்க்கையே அந்தத் தூரம்தான். மறைத்தவர் இதைத் தெரிந்து செய்தாரா என்று தெரியாது. அமைப்பு அதைச் சொல்லிவிடுகிறது.

நான் போன அன்று கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்னா தம்பி தேடுற?" என்றார். சொன்னேன். நம்பவில்லை. டப்பாவைக் காட்டினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன பேரு வந்திருக்காங்களா இங்க?" என்றார். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவராம். ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் பழைய ஆட்கள் மாசாயிலிருந்தும் உலு திராமிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவார்களாம். மற்ற நாளில் யாரும் வருவதில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த மறைப்பின் குறிப்பு மோசம். ஆங்கிலத்தில், 'கைவிடப்பட்ட மர்மத் தோட்டம், இருட்டிய பிறகு வந்தால் திகில்' என்கிற பாணியில் எழுதியிருந்தார்கள். யார் கைவிட்டது? அங்கே வாழ்ந்தவர்கள் விட்டுப் போகவில்லை, போகச் சொன்னார்கள். மூன்று தலைமுறை பால் வெட்டிய இடத்தைப் பேய்ப்பட அரங்கமாக்குவது, டப்பாவை மரவேரில் ஆணி அடித்து வைப்பதைவிடப் பெரிய சேதம். மறைப்பில் இடம் பாதி, சொல் பாதி. சொல் தப்பென்றால் வருகிறவர் வேறொரு இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஜொகூரில் நான் பார்த்த குறிப்புகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறைத்தவருக்கு எழுதினேன். ஸ்கூடாயில் இருக்கும் சீன இளைஞர், மரியாதையாகப் பதில் போட்டார். தோட்டத்தின் கதை தனக்குத் தெரியாது, எழுதித் தந்தால் போடுகிறேன் என்றார். பெரியவர் சொன்னதை வைத்துத் தமிழில் ஆறு வரி, ஆங்கிலத்தில் ஆறு வரி அனுப்பினேன். 'திகில்' போய்விட்டது, பன்னிரண்டு வரியும் இப்போது இருக்கின்றன. டப்பாவின் ஒரு பக்கக் கொக்கி உடைந்திருப்பதையும் சொல்லியிருந்தேன். அதைத்தான் இன்னும் மாற்றவில்லை. மழைக்காலம் வேறு வருகிறது.